ஆஸ்பத்திரி யார் வீட்டுச் சொத்து?



உங்கள் மஹல்லாவில் பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடை ஒன்றை நிர்வாகிகள் இரண்டு பேர் யாருக்கும் சொல்லாமல் குத்தகைக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் சும்மா இருப்பீர்களா? ஜும்ஆ முடிந்ததும் வாசலிலேயே மறித்து, "ஊரைக் கூட்டாமல் ஊர்ச் சொத்தில் கை வைக்க நீ யார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! அதே கேள்வியை அரசு ஆஸ்பத்திரி விஷயத்தில் ஏன் கேட்பதில்லை?

2020 ஜனவரியில் நிதி ஆயோக் ஒரு திட்டத்தை வெளியிட்டது. மாவட்ட அரசு மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைத்து, 60 ஆண்டுகளுக்கு நிர்வாகத்தைத் தனியாரிடம் ஒப்படைப்பதுதான் அது. படுக்கைகளில் ஒரு பகுதி ஏழைகளுக்கு. மற்றவை 'சந்தைப் படுக்கைகள்', அதாவது காசு கொடுப்பவருக்கு! அறுபது ஆண்டுகள் என்றால் என்ன? இன்று பிறக்கும் குழந்தை பென்ஷன் வாங்கும் வயது வரை!

"மக்களிடம் கருத்துக் கேட்டோமே" என்பார்கள். எப்படிக் கேட்டார்கள்? ஆங்கிலத்தில் தடித்த ஒப்பந்த ஆவணம் ஒன்றை இணையத்தில் போட்டார்கள். ஓ.பி. சீட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நிற்கும் பீடித் தொழிலாளி அதைப் படித்துக் கருத்து எழுத வேண்டுமாம்! அடுத்த மாதமே, பிப்ரவரி 1 அன்று, மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் பங்கேற்பில் மருத்துவக் கல்லூரிகளோடு இணைப்போம் என்று பட்ஜெட் உரையில் அறிவித்தும் விட்டார்கள். நிக்காஹ்வை முடித்துவிட்டுப் பெண்ணிடம் சம்மதம் கேட்கும் கதைதான் இது!

வடக்கே நடக்கும் விவகாரம் என்று இருந்துவிடாதீர்கள். 2025 செப்டம்பரில் ஆந்திர அமைச்சரவை, 10 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் தனியார் பங்கேற்பில் நடத்த முடிவெடுத்தது. அண்டை வீடு வரை வந்தது நம் வாசலுக்கு வராதா?

"ஏழைகளுக்கு இலவசம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதே?" என்கிறீர்களா? டெல்லியைப் பாருங்கள். அங்கே மாநில அரசும் பங்குதாரராக இருக்கும் பெரிய தனியார் மருத்துவமனைக்கு 15 ஏக்கர் நிலம் பெயருக்கு ஒரு ரூபாய் குத்தகையில் கொடுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு படுக்கை ஏழைகளுக்கு இலவசம் என்பது நிபந்தனை. அதை நிறைவேற்றக் கோரி வழக்கறிஞர்கள் 1997-ல் வழக்குப் போட்டார்கள். ஏழைகளுக்குச் சாதகமாக உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2009-ல். 2025 மார்ச்சிலும் உச்ச நீதிமன்றம் அதே மருத்துவமனையை எச்சரிக்க வேண்டியிருந்தது. தலைநகரிலேயே இந்தக் கதி என்றால், நம் ஊரில் யார் போய்க் கேட்பது?

அரசு ஆஸ்பத்திரியில் குறையே இல்லையா? இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் தள்ளக் கையை நீட்டுகிறார்கள். மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்கிறார்கள். ஆனால் கூரை ஒழுகினால் ஓட்டை மாற்றுவோமா, வீட்டையே எழுதிக் கொடுப்போமா?

"நாம் கத்தி என்ன ஆகப்போகிறது?" என்று சலித்துக்கொள்வோரும் உண்டு. லண்டனின் லூயிஷம் பகுதி மக்களைக் கேளுங்கள். பக்கத்து மருத்துவமனை நிர்வாகத்தின் கடனைச் சமாளிக்க, அவர்கள் ஊர் மருத்துவமனையின் அவசர சிகிச்சையையும் பிரசவப் பிரிவையும் குறைக்க அரசு முடிவெடுத்தது. 2013 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். அமைச்சர் தம் அதிகாரத்தை மீறிவிட்டார் என்று அந்த ஜூலையிலேயே தீர்ப்பு வந்தது. அரசு மேல்முறையீடு செய்து அக்டோபரில் அங்கும் தோற்றது!

நம் கையிலும் ஆயுதம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு 4(1)(சி) என்ன சொல்கிறது? பொதுமக்களைப் பாதிக்கும் முடிவுகளை அறிவிக்கும்போது அது சம்பந்தமான எல்லா விவரங்களையும் அரசே வெளியிட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்ச் சங்கத்தில் உறுப்பினர்கள் யார், கடைசியாகக் கூடியது எப்போது, வந்த பணம் எங்கே போனது? மனுப் போட்டுக் கேளுங்கள். அந்த ஆஸ்பத்திரியை நம்பியிருக்கும் ஒவ்வொரு கிராமமும் கிராம சபையில் தீர்மானம் போடட்டும்: நிர்வாகத்தை மாற்றுவதாக இருந்தால், ஒப்பந்தத்தைத் தமிழில் வெளியிடு, ஆஸ்பத்திரி வளாகத்திலேயே ஊரைக் கூட்டு, நாங்கள் பேசிய பிறகு கையெழுத்துப் போடு!

இதில் ஜாதியில்லை, மதமில்லை. பிரசவ வார்டு வாசலில் காத்திருக்கும் ஃபாத்திமாவின் தாயும் பக்கத்தில் நிற்கும் முனியம்மாவின் தாயும் ஒரே கவலையோடுதான் நிற்கிறார்கள். இருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். கையெழுத்து விழுந்த பிறகு அழுது பயனில்லை. இன்றே கேளுங்கள்!