கருப்பையின் பூட்டும் சாவியும்

பேறுகாலம் நெருங்கிய பெண்ணைச் சூழ்ந்திருக்கும் உறவினரிடம் எப்போதும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு வலி ஊசி போட்டுவிட்டால் சீக்கிரம் பெற்றுவிடுவாளே, ஏன் தாமதிக்கிறார்கள்?" கேட்பவர் உம்மாவாகவும் இருக்கலாம், மாமியாகவும் இருக்கலாம். அக்கறையால் எழும் கேள்விதான். ஆயினும் அந்த ஊசி உடலுக்குள் எதைத் தொட்டு வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால், அவசரம் தானே அடங்கிவிடும்.

அந்த மருந்தின் பெயர் ஆக்ஸிடோசின். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி இயற்கையாகவே வெளியிடும் ஹார்மோன் அது. அச்சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை 1906-இல் இங்கிலாந்தின் ஹென்றி டேல் கண்டறிந்தார். 1953-இல் அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டு விக்னோ அதனைச் சோதனைச்சாலையிலேயே உருவாக்கினார். 1955-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

ஹார்மோனைச் சாவி என்று கொண்டால், கருப்பைத் தசையிலுள்ள ஏற்பிகளே பூட்டுகள். பூட்டு இல்லாத இடத்தில் சாவிக்கு வேலையில்லை. கருவுற்ற தொடக்க மாதங்களில் ஆக்ஸிடோசின் ஏற்பிகள் மிகக் குறைவு. புரோஜெஸ்டிரோன் என்னும் மற்றொரு ஹார்மோன் அவற்றைப் பெருகவிடாமல் தடுத்து, தசையை அமைதியாக வைத்திருக்கிறது. முதற் சில வாரங்களில் சூலகமும் பின்னர் நஞ்சுக்கொடியும் அதனைச் சுரக்கின்றன. மாதம் நிறையும்போது ஈஸ்ட்ரோஜெனின் கை ஓங்குகிறது. ஏற்பிகள் 50 மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றன. தசையணுக்களுக்கிடையே புதிய இணைப்புகள் தோன்றி, கருப்பை முழுவதும் ஒருசேரச் சுருங்க ஆயத்தமாகிறது.

எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஆடு வளர்ப்போர் பலர். ஆடு ஈனும் நாள் நெருங்கும்போது அதன் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோனின் அளவே இறங்கிவிடுகிறது. மனிதரில் அவ்வாறன்று. நஞ்சுக்கொடி வெளியேறும் வரை அளவு உயர்ந்தே நிற்கிறது. ஆனால் அந்த ஹார்மோனை ஏற்கும் இருவகை ஏற்பிகளின் விகிதம் மாறிவிடுவதால், அதன் கட்டளை செல்லுபடியாகாமற் போகிறது. காவலர் வாசலில்தான் நிற்கிறார்; அவர் சொல்லைக் கேட்பார் இல்லை.

இப்போது வலி ஊசிக்கு வருவோம். ஏற்பிகள் நிறைந்திருக்கும் அந்நேரத்தில் சிறிதளவு மருந்தும் பெரிய விளைவைத் தரும். அளவு மிஞ்சினால் சுருக்கங்கள் இடைவிடாமல் தொடர்ந்து, குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையும். கருப்பை கிழியவும் கூடும். முன்பு சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு இவ்வபாயம் மிகுதி. நெடுநேரம் மருந்து செலுத்தப்பட்டாலோ ஏற்பிகள் சோர்ந்துவிடும். குழந்தை பிறந்தபின் கருப்பை சுருங்க மறுத்து, இரத்தப்போக்கு மிகலாம். ஆகவேதான் மருத்துவமனையில் சொட்டு மருந்தாக அளந்து, குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனித்தவாறே செலுத்துகிறார்கள். வீட்டில் வைத்து எவரும் இதனைப் போட இசையாதீர்கள்.

அதே மருந்து, குழந்தை பிறந்தவுடன் உயிர்காக்கும் மருந்தாகிறது. பேற்றுக்குப் பிந்தைய இரத்தப்போக்கைத் தடுக்கத் தாய்க்கு 10 யூனிட் செலுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கறவை மாடுகளுக்கு இம்மருந்து தவறாகப் பயன்படுத்தப்படுவதாகக் கூறி, 2018-இல் மத்திய அரசு தனியார் நிறுவனங்கள் உள்நாட்டுத் தேவைக்கு இதனைத் தயாரிக்கத் தடை விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டில்லி உயர்நீதிமன்றம் அத்தடையை ரத்துச் செய்தது. தாய்மார்களுக்கு இது எத்துணை இன்றியமையாதது என்பது அவ்வழக்கில் நாடறியத் தெரிந்தது. 2 முதல் 8 டிகிரி குளிரில் பாதுகாக்கப்படாவிட்டால் இதன் வீரியம் குறைந்துவிடும் என்பதும் நினைவிற்கொள்ளத் தக்கது.

சகோதரிகளே, குடும்பத்தார் செய்யக்கூடியவை எளியவை. பேற்றுக்கு உரிய மருத்துவமனையை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். வலி கண்டதும் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். "விரைவாக முடியுங்கள்" என்று மருத்துவரையும் செவிலியரையும் நெருக்காதீர்கள். குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் புகட்டச் செய்யுங்கள். குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடலே ஆக்ஸிடோசினை வெளியிட்டுக் கருப்பையைச் சுருக்குகிறது. பிள்ளையைக் காணும் மகிழ்ச்சியில் பெற்றவளை மறந்துவிடாதீர்கள். அவளுடைய துணி விரைந்து நனைந்தாலும், அவளுக்கு மயக்கம் வந்தாலும், "பேறு என்றால் இப்படித்தான்" என்று இருந்துவிடாமல் அக்கணமே செவிலியரை அழையுங்கள்.