நெஞ்சு வலியும் ஒரு பாட்டில் சோடாவும்

ஊத்தங்கரை என்றவுடன் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பிளஸ் டூ மார்க். நீட் வருவதற்கு முன்பு இங்குள்ள தனியார் பள்ளிகளில் படித்து டாக்டர் ஆனவர்கள் ஏராளம். ஆனால் அதே ஊரில் ராத்திரி பத்து மணிக்கு ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் முதலில் வருவது டாக்டர் அல்ல, சோடா! "வாயுப் பிடிப்புதான், காலையில பாத்துக்கலாம்" என்பார்கள். அந்தக் காலைக்குள் என்ன ஆகிறது என்பதுதான் விஷயம்.

உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் இதயத்துக்கு, அதன் தசைக்கு வேண்டிய ரத்தம் கரோனரி தமனிகள் வழியாகத்தான் வருகிறது. அதில் ஒன்று அடைத்துக்கொண்டால் அந்தப் பகுதித் தசை நேரம் போகப் போகச் சாகிறது. செத்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும். 2009-ல் ஸ்வீடனின் யோனாஸ் ஃப்ரீசென் குழு, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14ஐ வைத்து ஒரு கணக்குப் போட்டது. 25 வயதில் இதயத் தசை செல்களில் வருடத்துக்கு சுமார் 1 சதவீதம்தான் புதிதாகிறது. 75 வயதில் அரை சதவீதம்கூட இல்லை. வரவு இவ்வளவுதான் என்றால், ஒரே ராத்திரியில் வரும் செலவை எதை வைத்து ஈடுகட்டுவது?

இதற்கு விடை தேடும் இடம் ஒன்று ஊத்தங்கரையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில், பெங்களூரில் இருக்கிறது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் ஆய்வு செய்பவர் சௌம்யஸ்ரீ தாஸ். இவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில், கிறிஸ்டி ரெட்-ஹார்ஸ் குழுவில் இருந்தபோது செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. பிறந்த எலிக்குட்டியின் கரோனரி தமனி அடைபட்டால், தமனிச் செல்கள் தனித்தனியாகப் பிரிந்து, நுண்குழாய்கள் வழியே நகர்ந்து, மறுபடி ஒன்றுசேர்ந்து மாற்றுப் பாதை போடுகின்றன. கத்தி படாத பைபாஸ்! வளர்ந்த எலியில் இது அப்படி நடப்பதில்லை. சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் செலுத்தியபோது அதிலும் மாற்றுப் பாதைகள் முளைத்தன.

நல்ல செய்திதான். ஆனால் எலியிலிருந்து மனிதனுக்கு வர இன்னும் வெகு தூரம். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஸ்டெம் செல்லால் இதயத் தசை வளரும் என்று உலகையே நம்பவைத்த பியரோ அன்வெர்சாவின் ஆய்வகக் கட்டுரைகள் 31-ஐத் திரும்பப் பெற வேண்டும் என்று 2018-ல் ஹார்வர்டே சொன்னது. "ஊசி போட்டால் இதயம் புதுசாகிவிடும்" என்று யாராவது காசு கேட்டால், நிலத்தை அடமானம் வைப்பதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்குக் கையில் இருப்பது நேரம் ஒன்றுதான். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டார்வாஸ்டேட்டின் மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். மாத்திரை மட்டும் அடைப்பைத் திறந்துவிடாது. அதற்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ ஆஞ்சியோபிளாஸ்டியோ வேண்டும். இரண்டுமே சீக்கிரம் நடந்தால்தான் முழுப் பலன். திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சோடாவுக்காக இழந்த மூன்று மணி நேரத்தை அது திருப்பித் தராது.

ஆகவே ஆராய்ச்சிக்கும் பணம் வேண்டும், ஊருக்கும் விழிப்பு வேண்டும். மார்க்குக்காக இதயத்தின் நான்கு அறைகளைப் படம் வரைந்து பாகம் குறிக்கும் ஊர் இது. நெஞ்சில் அழுத்தம், கைக்கும் தாடைக்கும் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் உடனே 108 என்பதையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுக்கலாமே! அந்தக் கேள்விக்கு மார்க் கிடையாது. ஆனால் வீட்டில் ஒரு அப்பா மிஞ்சுவார்.