தீக்குச்சிக்கு ஏன் ‘நல்ல ஜாதி’ மரம் வேண்டும்?

சிவகாசி என்றால் பட்டாசு மட்டுமில்லை, தீப்பெட்டியும்தான். ஆனால் குச்சிக்கான மரம் நெடுங்காலமாகக் கேரளத்திலிருந்து வருகிறது. மரத்தின் விலை ஏறினாலும் பெட்டி விலையை லேசில் ஏற்ற முடியாது. 1 ரூபாய் பெட்டி 2 ரூபாயாக 14 வருஷம் ஆனது (2021 டிசம்பர்).

உள்ளூரிலேயே வளர்த்தால் என்ன?

வளர்க்கலாம். தீக்குச்சி மரம் எனப்படும் பெருமரம் வறட்சியைத் தாங்கும். சிக்கல், விதைக் கன்றுகள் ஒன்றுபோல வளராது. ஒன்று நேராக உயரும். இன்னொன்று கிளைவிட்டுக் கணு விழும். கணு இருந்தால் குச்சி ஒடியும்.

தீர்வு?

நேரான, வேகமாக வளர்ந்த தாய்மரங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் வாரிசுகளைப் பல ஊர்களில் நட்டு ஒப்பிடுவார்கள். ஜெயித்தவற்றைக் குளோன் கன்றுகளாகப் பெருக்குவார்கள். கோவை வன மரபியல் நிறுவனமும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் இத்தகைய மர மேம்பாட்டில் இயங்குகின்றன.

வேகம் மட்டும் போதுமா?

போதாது. குச்சி மெழுகை உறிஞ்ச வேண்டும், உரசும்போது உடையக் கூடாது. தோப்பு முழுக்க ஒரே குளோன் என்றால், இலை தின்னும் புழு வந்தால் மொத்தமும் மொட்டைதான். பாசன நிலத்தில் ஜெயித்த ரகம் விருதுநகர் மானாவாரியிலும் ஜெயிக்கும் என்ற உத்தரவாதமில்லை. எனவே கன்று வாங்கும் விவசாயி, விலைக்கு முன் கேட்க வேண்டியது: ‘இதை எந்த மண்ணில் சோதித்தீங்க?’