எந்த கோர்ஸ் போடட்டும் தம்பி?



பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் அருப்புக்கோட்டை பிரவுசிங் சென்டர்களில் நிற்க இடமிருக்காது. அப்படி ஒன்றில் பார்த்தது இது. திருச்சுழிப் பக்கத்து அம்மா ஒருவர், மகனின் மார்க் ஷீட்டை ஜவுளிக்கடைப் பைக்குள் கசங்காமல் வைத்திருந்தார். "எந்த கோர்ஸ் போடட்டும் தம்பி?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர். "எல்லாரும் எது போடுறாங்களோ அதையே போடுங்கண்ணே" என்றான் மகன். அம்மாவின் போனுக்கு ஓடிபி வந்தது. விண்ணப்பம் போய்விட்டது.

2018-ல் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதலிடம் நம் விருதுநகர் மாவட்டத்துக்கு. அதே ஆண்டு மத்திய அரசு, முன்னேற்றத்துக்குத் தனிக் கவனம் வேண்டுமென்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்களில் ஒன்றும் இதுதான். மார்க் வாங்கவைக்கப் படும் பாட்டில் கால்வாசியைக்கூட, அடுத்து என்ன படிப்பது என்று யோசிப்பதில் நாம் படுவதில்லை. என் மனத்தாங்கல் அதுதான்.

கல்லூரிப் பெயரை விசாரிக்கும் முன் பாடத்தை விசாரியுங்கள். பல்கலைக்கழக இணையதளத்தில் பாடத்திட்டம் இருக்கிறது. முதல் செமஸ்டர் பாடங்களையாவது பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். மானாவாரியில் பருத்தியும் உளுந்தும் போடும் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு, பக்கத்துக் கோவிலாங்குளத்தில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருப்பதே தெரியாது. ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு வேளாண்மை, பொறியியல் போன்ற படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்களில் அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உண்டு. "நமக்குக் கட்டுப்படியாகாது" என்று சொல்வதற்கு முன் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

சேர்ந்த பிறகு முதல் செமஸ்டர்தான் கண்டம். தமிழ் மீடியத்தில் முதல் மார்க் வாங்கிய பெண், ஆங்கில வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். மகளே, பிளஸ் டூ புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதே. கல்லூரிப் பாடத்துக்குப் பக்கத்தில் அதை வைத்துப் படி. பாதி உனக்கு முன்பே தெரிந்ததாக இருக்கும். அரியர் விழுந்தாலும் அடுத்த செமஸ்டரில் எழுதலாம். அதற்காகப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை.

இப்போது கல்லூரியில் படிக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் முதல் வருடப் புத்தகங்களையும் கேள்வித்தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தெருவில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கூப்பிட்டு, புரட்டிப் பார்க்கக் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்