‘தன்னார்வலர்’ என்னும் சொல்லுக்குள் மறையும் ஊதியம்

தாராவி 90 அடிச் சாலையையொட்டிய சந்தொன்றில் வசிக்கும் தோழர் ஒருவரின் மகள், செவிலியர் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறாள். பொதுச் சுகாதார முதுகலைப் படிப்புக்கான விண்ணப்பத்தைச் சரிபார்க்க என்னிடம் கொண்டுவந்தாள். ‘தன்னார்வப் பணி, களப்பயிற்சி’ என்ற கட்டம் வெறுமையாக இருந்தது. “சான்றிதழ் எதுவும் இல்லையே, மாமா” என்றாள்.

2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அதன்பின் சந்துதோறும் வெப்பமானியோடும் ஆக்சிஜன் அளவிடும் கருவியோடும் நடந்த பெண்களில் இவளுடைய தாயும் ஒருவர். மாநகராட்சியின் சமுதாய நலத் தன்னார்வலர். தமிழ்வழிப் பள்ளியில் படித்த அவருக்கு மராத்தியில் பதிவேடு எழுதிக் கொடுத்தவள் அன்று பள்ளி மாணவியாயிருந்த மகள்தான். அதே ஆண்டு ஜூலை 10 அன்று உலக சுகாதார அமைப்பின் தலைவர் தாராவியை எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் இத்தகைய பதிவேடுகள் இருந்தன. மாட்டுங்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைக்கோ, இரண்டு வாரம் தாராவி முகாமுக்கு வந்துபோனதற்கு வழவழப்பான சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. அப்பிள்ளை மீது நமக்குக் கோபமில்லை. வந்து பார்த்தது நன்றே. ஆனால் ஒரே சந்தில் நடந்த உழைப்பு ஒருவருக்குத் தகுதியாகவும் மற்றவருக்கு ஒன்றுமில்லாததாகவும் ஆவது எப்படி?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட என் கவனம் இயல்பாகச் சொற்களின் மீது செல்கிறது. ‘தன்னார்வலர்’, ‘மதிப்பூதியம்’, ‘ஊக்கத்தொகை’, ‘உதவித்தொகை’ ஆகிய நான்கும் ‘ஊதியம்’ என்று சொல்லாமலிருக்க ஆட்சியாளர்கள் கண்டுபிடித்த சொற்கள். மராத்தியில் ‘மான்தன்’ என்பார்கள். மானத்துக்குத் தரும் தனம். கொரோனாப் பணிக்கு ஆஷா ஊழியருக்கு ஒன்றிய அரசு அறிவித்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். 2022இல் உலக சுகாதார அமைப்பு ஆஷா ஊழியரைக் கௌரவித்தது. மானம் வந்தது, தனம் வரவில்லை.

இடதுசாரிகள் தொண்டை இழிவுபடுத்துகிறார்கள் என்று எவரேனும் சொல்லக்கூடும். 1938இல் சீன மக்களுக்கு உதவச் சென்ற இந்திய மருத்துவக் குழுவில், பம்பாயில் மருத்துவம் பயின்ற துவாரகாநாத் கோட்னிஸ் இருந்தார். 1942இல் அங்கேயே உயிர்நீத்தார். அவர் தம் விருப்பால் சென்றவர். ஆனால் இத்தனை வீடு, இத்தனை நாளுக்குள் என்று இலக்கு விதித்து, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அனுப்பப்படுபவர் தன்னார்வலர் அல்லர், ஊழியர். திட்டப்பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டும் என 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடே பரிந்துரைத்தது. அப்பரிந்துரை கோப்பில் உறங்குகிறது.

இந்த ஏமாற்று இப்போது அடுத்த தலைமுறைக்கும் வந்து சேர்ந்துள்ளது. செம்பூரிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இம்மாணவி ‘பயிற்சி’ பெற்ற மாதங்களில், இரவுப்பணியில் நிரந்தரச் செவிலியர் ஒருவர் செய்யவேண்டிய வேலையைச் செய்தாள். கைக்கு வந்தது தேநீர் மட்டுமே. பேருந்துக் கட்டணமும் வீட்டிலிருந்துதான். கற்றுக்கொள்வதில் அவளுக்குத் தயக்கமில்லை. கற்பிக்க ஆளில்லாத இரவில் நோயாளிக்கும் ஆபத்து, மாணவிக்கும் ஆபத்து என்பதே அவளுடைய புகார். சம்பளமின்றி ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் குடும்பத்துப் பிள்ளைகளே மருத்துவத்துறையில் முன்னேற முடியும் என்றால், தாராவியின் நோயைத் தாராவியின் மொழியில் கேட்கத் தெரிந்தவர்கள் வெளியே நிற்கவேண்டியதுதான்.

2018 ஜூனில் மகாராஷ்டிரத்தின் பயிற்சி மருத்துவர்கள் 6,000 ரூபாயை 11,000 ஆக உயர்த்தக் கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு அமைப்பு இருந்தது. செவிலிய மாணவியரையும் சமுதாயத் தன்னார்வலர்களையும் ஒரே மேடைக்குக் கொண்டுவரும் வேலை நம் மாணவர் அரங்கத்துக்கும் தொழிற்சங்க அரங்கத்துக்கும் உரியது. முதற்கட்டமாக, எந்த மருத்துவமனையில் எத்தனை மாணவியர் ஊதியமின்றி இரவுப்பணி பார்க்கின்றனர் என்ற பட்டியலைக் கிளைகள் திரட்டலாம்.

விண்ணப்பத்தில் அவள் இப்போது எழுதியிருக்கிறாள்: ‘2020, தாராவி, வீடுவீடான காய்ச்சல் கணக்கெடுப்புப் பதிவேடு. சான்றிதழ் இல்லை.’