திடலில் முதல் சில நிமிடங்கள்: யாருக்கு என்ன வேலை?

பெட்டாலிங் ஜெயா - மருத்துவமனைகளுக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. ஆனாலும் திடலில் ஒரு மாணவர் சுருண்டு விழுந்தால், ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை அங்கிருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே அவரது உயிரைத் தீர்மானிக்கிறது.

இதயம் நின்றபின் சிபிஆர் முதலுதவியோ மின்னதிர்ச்சியோ இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. மாலை நேரக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

2021 ஜூன் 12-ஆம் தேதி கோப்பன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் ஆட்டத்தின் நடுவே இதயம் நின்று விழுந்தார். அணித்தலைவர் சிமோன் கியேர் ஓடிவந்து உதவினார். மருத்துவக் குழு உடனே சிபிஆர் செய்து, மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தியது. எரிக்சன் பிழைத்தார், மறு ஆண்டே மீண்டும் திடலில் இறங்கினார்.

அனைத்துலகப் போட்டியில் மருத்துவர்கள் திடலோரம் காத்திருப்பார்கள். பயிற்சித் திடலில் அப்படி இல்லை. ஆபத்தோ இரண்டுக்கும் பொது. 2016 ஏப்ரலில் மலாக்காவில் பயிற்சியின்போது மின்னல் தாக்கிய மலாக்கா யுனைடெட் ஆட்டக்காரர் ஸ்டெஃபான் பெட்ரோவ்ஸ்கி, மே 1-ஆம் தேதி உயிரிழந்தார். அவருக்கு வயது 18.

மாலையானால் இடி இடிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கு இதை மறக்கக் கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்கும் குறைவு என்றால் திடலைக் காலி செய்ய வேண்டும். கடைசி இடிக்குப்பின் 30 நிமிடம் திரும்பக் கூடாது. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. பாதுகாப்பான இடத்தில் உடனே சிபிஆர் தொடங்கலாம்.

இதற்கான திட்டம் ஒரே தாளில் அடங்கும். 999-ஐ அழைப்பவர் யார்? சிபிஆர் செய்பவர் யார்? ஏஇடி கருவி எங்கே? ஆம்புலன்ஸுக்கு வழிகாட்ட வாயிலில் நிற்பவர் யார்? கழுத்தில் அடிபட்டவரைத் தூக்கி உட்கார வைக்கக் கூடாது, தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் இருந்தால் அன்று மீண்டும் ஆட விடக் கூடாது என்ற இரண்டு விதிகளும் அதில் இருக்க வேண்டும்.

பல பள்ளிகளில் ஒரே ஆசிரியர்தான் பயிற்றுநர், நடுவர், நேரக் காப்பாளர். முதலுதவியையும் அவர் ஒருவர் தலையிலேயே கட்டினால் திட்டம் தாளோடு நின்றுவிடும். பரிசுக் கிண்ணம், ஜெர்சி, உணவு என்று பட்டியல் போடும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கிளப்புகளும் சிபிஆர் பயிற்சியையும் அதில் சேர்க்கலாம். தீ விபத்து ஒத்திகை நடத்தும் பள்ளிகளுக்கு, போட்டி விளையாட்டுக்கு முன் இன்னோர் ஒத்திகை பெரிய சுமையல்ல.

அடுத்த பயிற்சிக்கு விசில் ஊதுமுன் ஒன்றையாவது உறுதி செய்யலாம்: திடலின் வாயிற்சாவி யாரிடம் இருக்கிறது?