குலுக்காதே, கலக்கு!

நெதர்லாந்தில், ராட்டர்டாமுக்குப் பக்கத்தில் ஸ்கீடாம் என்று ஓர் ஊர். உலகத்திலேயே உயரமான பழங்காலக் காற்றாலைகள் அங்கேதான் நிற்கின்றன. எதற்குக் கட்டினார்களாம்? சாராயத்துக்குத் தானியம் அரைக்க! அந்தச் சரக்கின் பெயர் யெனேவர். இன்றைய ஜின்னுக்குத் தாத்தா முறை.

அந்த ஊரில் வாடகைக்கு இருக்கும் நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்காரப் பெரியவர் வருகிறார், வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கணும் என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தான். “கவலைப்படாதே மச்சி, அவர் ஊர் சரக்கிலேயே காக்டெயில் போட்டு அசத்திடறேன்” என்று வாயை விட்டேன்.

கடையில் இரண்டு ரகம். இளசு, பழசு. பி.காம். புத்தி, பழசு என்றால் வருஷக்கணக்கில் ஊறியது, அதான் விலை கூட என்று கணக்குப் போட்டது. தப்பு சார். வயசுக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லை. பழைய பாணி, புதுப் பாணி, அவ்வளவுதான். பழசில் மால்ட் ஒயின் என்கிற தானிய வடிசாறு குறைந்தது 15 சதவிகிதம் இருக்கணும். இளசில் 15-ஐத் தாண்டக் கூடாது. அந்த ரொட்டி வாசனைதான் காக்டெயிலுக்கு உயிர். குருட்டாம்போக்கில் சரியாகத்தான் வாங்கியிருக்கிறேன்!

செய்முறை சுலபம். 60 மி.லி. யெனேவர், ஒரு டீஸ்பூன் சர்க்கரைப் பாகு, அங்கஸ்டுரா பிட்டர்ஸ் இரண்டு உதறல், எலுமிச்சைத் தோல் ஒரு சீவல். அமெரிக்காவில் ஜெர்ரி தாமஸ் 1862-ல் போட்ட புத்தகத்திலேயே கிட்டத்தட்ட இதே சங்கதி இருக்கிறது.

ஜேம்ஸ் பாண்ட் ஞாபகத்தில் மூடி போட்ட பாட்டிலில் ஐஸோடு போட்டுக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினேன். காற்றுக் குமிழியும் ஐஸ் தூளும் சேர்ந்து அரிசி களைந்த தண்ணி மாதிரி ஆகிவிட்டது. சிங்க்கில் கொட்டினேன். (அதன் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்க்கவில்லை.)

இரண்டாவது ரவுண்டுக்குள் பெரியவர் வந்தாச்சு. ஐஸ் கரைந்தால் தண்ணி சேர்ந்துடுமே என்ற பயத்தில் ஸ்பூனால் நாலே சுற்று சுற்றி நீட்டினேன். ஒரு வாய் குடித்தார். அவர் முகம் சுருங்கியது. நண்பன் முகம் வெளுத்தது.

மனுஷர் எழுந்து நேராகச் சமையலறைக்கே வந்துவிட்டார். எவர்சில்வர் சொம்பு நிறைய பெரிய ஐஸ் கட்டிகள். ஸ்பூனின் முதுகு சொம்புச் சுவரை ஒட்டியபடியே, சத்தமில்லாமல் அரை நிமிஷம் சுற்றினார். “தண்ணீரும் இதில் ஒரு சரக்குதான் தம்பி” என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். 60-க்கு 15 மி.லி.யாவது கரைந்து சேர்ந்தால்தான் காட்டம் அடங்கி வாசனை எழும்புமாம். டீ வடிகட்டியில் வடித்து, தோலின் எண்ணெய் தெறிக்கும்படி மேலே ஒரு முறுக்கு. பளிங்கு மாதிரி இருந்தது. குலுக்கினால் கலங்குகிறது, கலக்கினால் கலங்குவதில்லை! இதை அவருக்கு மொழிபெயர்க்க முயன்று தோற்றேன்.

ஒப்பந்தமா? இரண்டாவது கிளாஸ் முடிந்ததும் கையெழுத்துப் போட்டார். வாடகை ஏற்றத்தையும் மறக்காமல் எழுதி.